முதுகில் பூசாத வார்னிஷ்

மாஸ்டர் என் கிட்டாரை முதன்முதலில் நகத்தால்தான் தொட்டார். கேரம் போர்டில் காயைச் சுண்டுவதுபோல ஆள்காட்டி விரலை மடக்கி அதன் வயிற்றில் ஒரு சுண்டு சுண்டினார். டொக்கென்று சத்தம் வந்தது. ஒத்திகைக் கொட்டகையில் இருந்த ஐந்து பேரும் தன் முகத்தைப் பார்க்கிறார்களா என்று உறுதி செய்துகொண்டு, "ஏத்தா, இது கிட்டாரா, இல்ல சப்பாத்திப் பலகையில கம்பியக் கட்டிக் கொண்டாந்துட்டியா?" என்றார். ஐந்து பேரும் சிரித்தார்கள். தபேலாக்காரர் சிரித்த சிரிப்பில் வெற்றிலை எச்சில் தெறித்து என் செருப்பில் விழுந்தது. யார் எந்தப் பக்கம் உட்கார்ந்து சிரித்தார்கள் என்பதுவரை இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். மறதி எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது, எனக்குக் கொஞ்சமும் கிடையாது. அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எதிர்பார்த்து வந்தவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம்.

போடியில் அவரை எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பகலில் ஏலக்காய்த் தரகர், சாயங்காலத்தில் இன்னிசைக் குழுத் தலைவர். கல்யாணம், காதுகுத்து, அம்மன் கோயில் திருவிழா, எதுவானாலும் அவர் குழுதான் வரும். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட், வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு பாடுவார், நடுநடுவே கிட்டாரும் வாசிப்பார். தரகு வேலையில் அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. எங்கள் ஊரில் ஏலக்காய்க்கு நிறம்தான் உயிர். பச்சையாக இருந்தால் ராஜமரியாதை, வெளுத்துவிட்டால் ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கமாட்டார்கள். அதனால் வெளுத்த காயைச் சாயப்பொடியில் புரட்டிப் பச்சையாக்கி ஏமாற்றுகிற ஆட்களும் உண்டு. அப்படிப் புரட்டினவர்களுக்குக் கை பச்சையாகிவிடும். எவ்வளவு சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் நாள்கணக்கில் நிற்கும். மாஸ்டர் சாம்பிள் காயைக் கொட்டி, உள்ளங்கையில் வைத்து அழுத்தித் தேய்த்து, இரண்டு கையையும் வாங்குகிறவர் முகத்துக்கு நேராக விரிப்பார். "கையப் பாருங்கண்ணே. சாயம் பட்ட கையா இது?" என்பார். அந்தக் கையை விரித்துக் காட்டியே காலமெல்லாம் தொழில் செய்தவர் அவர்.

நான் அப்போது ஒரு ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். நாற்பது பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, பருத்த காய், சிறுத்த காய், வெடித்த காய் என்று பிரித்துப் போடுகிற வேலை. கண்ணும் விரலும் ஓடிக்கொண்டிருக்க, வாய் ஊர்க்கதை பேசும். என் விரல் வேகத்தைப் பார்த்துத்தானோ என்னவோ, செல்போனில் ஒரு பெண் கிட்டார் வாசிப்பதைப் பார்த்ததும் இது நமக்கு வரும் என்று தோன்றிவிட்டது. இருப்பதிலேயே மலிவான எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றைக் கூரியரில் வரவழைத்தேன். கறுப்புப் பெயின்ட், அதன்மேல் நெருப்பு எரிகிற மாதிரி ஸ்டிக்கர். பார்க்கக் கொஞ்சம் அசிங்கம்தான், எனக்கே தெரியும். ஒரு வருஷம் வீட்டிலேயே விரல் தேய வாசித்துப் பழகினேன். மாஸ்டர் குழுவில் இருந்த கிட்டார்காரர் திருப்பூருக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்ட அன்றைக்குக் கிட்டாரை உறைபோட்டு எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய் நின்றேன். அப்போதுதான் அந்தச் சுண்டல் நடந்தது.

சேர்த்துக்கொண்டார், இல்லையென்று சொல்லமாட்டேன். அவருக்கு ஆள் தேவைப்பட்டது. ஆனால் என்னை டிரம்ஸுக்குப் பின்னால் உட்காரவைத்தார். என் ஆம்ப்ளிஃபயர் சத்தத்தை ஒவ்வொரு கச்சேரிக்கும் அவரே வந்து குறைத்துவிட்டுப் போவார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது ஒன்று இருந்தது. கச்சேரி நடுவில் மாஸ்டர் மைக்கைப் பிடித்துக் குழுவில் உள்ள ஒவ்வொருவரையும் பேர் சொல்லி அறிமுகம் செய்வார். பேர் சொன்னவர் எழுந்து கும்பிட, கூட்டம் கைதட்டும். தபேலா, டிரம்ஸ், கீபோர்டு, பாட்டுக்காரம்மா என்று வரிசையாகப் போய், கடைசியில் மைக்செட் போடுகிறவர் பேரைக்கூடச் சொல்வார். என் பேரை மட்டும் சொல்லமாட்டார். ஒன்பது கச்சேரி வாசித்தேன். ஒன்பதிலும் புடவையைச் சரிசெய்துகொண்டு, எழுந்திருக்கத் தயாராக உட்கார்ந்திருந்தேன். பத்தாவது கச்சேரிக்கு முன்னால் ஒருநாள் வாய்விட்டே கேட்டேன். "அந்தப் பலகைக்கு அறிமுகம் வேறயா ஆத்தா?" என்றார். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், இந்தப் பலகையை வைத்தே இவர் வாயிலிருந்து என் பேரை வரவழைக்கிறேன் என்று.

அவர் சொன்னதில் பாதி உண்மை என்பதுதான் எனக்கு ஆத்திரம். அந்தக் கிட்டாரின் சத்தம் மகா மட்டம். எலெக்ட்ரிக் கிட்டாரில் கம்பிகளுக்கு அடியில் பிக்கப் என்று ஒன்று இருக்கும். காந்தமும் அதைச் சுற்றிய செப்புக் கம்பிச் சுருளும்தான் அது. மேலே கம்பி அதிர்ந்தால் அந்த அதிர்வைக் கரண்டாக்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும். சத்தத்தின் சங்கதி முழுக்க அதில்தான். என் கிட்டாரில் இருந்த மூன்று பிக்கப்பும், வாசிக்காதபோதும் கொர்ரென்று உறுமும், வாசித்தால் தகரத்தில் கல் விழுந்த மாதிரி கத்தும். ஆனால் பாருங்கள், கம்பிச் சுருள் என்பது என் வீட்டுச் சமாச்சாரம். என் அண்ணன் மோட்டாருக்குக் காயில், அதாவது கம்பிச் சுருள், கட்டுகிற கடை வைத்திருக்கிறது. சிலமலை, பொட்டிபுரம் பக்கத்துத் தோட்டங்களில் எரிந்துபோகிற கிணற்று மோட்டாரெல்லாம் அங்கேதான் வரும். ஞாயிற்றுக்கிழமைதோறும் அங்கே உட்கார்ந்து காயில் சுற்றி எனக்குக் கை பழகியிருந்தது.

ஆனாலும் முதலில் சொதப்பினேன். மதுரையிலிருந்து தலைமுடியைவிட மெல்லிய செப்புக் கம்பி வாங்கி வந்து, அண்ணன் கடை கைமெஷினில் மாட்டிச் சுற்றினால், மூவாயிரம் சுற்றில் அறுந்தது, நாலாயிரத்தில் அறுந்தது. ஒருவழியாக ஏழாயிரத்துச் சொச்சம் சுற்றி முடித்த சந்தோஷத்தில், மோட்டார் காயிலுக்குச் செய்கிற மாதிரியே வார்னிஷில் முக்கிச் சூட்டில் காயவைத்தேன். மோட்டாரில் இரும்பு இருக்கும், தாங்கும். பிக்கப்பில் இருப்பது பிளாஸ்டிக். அப்பளமாக வளைந்துபோய்விட்டது. அண்ணன் பார்த்துவிட்டு, "இத எந்தக் கெணத்துல எறக்கப் போற?" என்று கேட்டுச் சிரித்தது. மறுபடி சுற்றினேன். இந்தத் தடவை பழைய டிபன் டப்பாவில் மெழுகுவர்த்தியை உருக்கி அதில் முக்கி எடுத்தேன். நடுப் பிக்கப்பை மட்டும் வேண்டுமென்றே எதிர்த்திசையில் சுற்றிக் காந்தத்தையும் புரட்டிப் போட்டேன். மோட்டாரில் ஒரு காயில் திசை மாறினால் அது உறுமிக்கொண்டு நிற்கும், ஓடாது, அண்ணனிடம் திட்டு வாங்கவேண்டிவரும். கிட்டாரில் அதே தப்புத்தான் மருந்து. இரண்டு பிக்கப்பும் சேர்ந்து ஒலிக்கும்போது ஒன்றின் உறுமலை இன்னொன்று தின்றுவிடும். வெளி இரைச்சல் நுழையாதபடி, பிக்கப் உட்காரும் குழி முழுக்கப் பழைய தேயிலைப் பெட்டியிலிருந்து உரித்த ஈயத்தாளை ஒட்டினேன். ஒயரைப் பற்றவைத்து ஆம்ப்ளிஃபயரில் சொருகியபோது, கரண்ட் இல்லையோ என்று சந்தேகப்படும் அளவுக்கு அமைதியாக இருந்தது. ஒரு கம்பியைத் தட்டினேன். அண்ணன் கையில் இருந்த வேலையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தது.

அடுத்தது தோற்றம். நெருப்பு ஸ்டிக்கரைக் கிழித்து, கறுப்புப் பெயின்டை உப்புத்தாளால் தேய்த்து உரித்தேன். உள்ளே என்ன மரமென்று தெரியாத வெளுத்த மரம், ஆனால் ரேகை அழகாக ஓடியிருந்தது. அந்த ரேகை தெரியும்படி நிறம் ஏற்றவேண்டும். வெளுத்ததைப் பார்த்தால் போடிக்காரிக்கு வேறு என்ன நினைப்பு வரும்? எங்கள் கடைப் பரணில் ஒரு தகர டின் நிறையப் பச்சைச் சாயப்பொடி இருந்தது. முதலாளி எப்போதோ காய்க்குப் போட்டுக்கொண்டிருந்து, அதிகாரிகள் வந்து சாம்பிள் எடுக்க ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டாராம். பரணைக் கூட்டப் போனபோது காகிதத்தில் ஒரு கை மடித்துக்கொண்டு வந்தேன். தண்ணீரில் கரைத்துத் துணியால் துடைக்கத் துடைக்க, மரம் முதல்தரக் காயின் பச்சைக்கு வந்தது. மேலே வார்னிஷ் மூன்று கோட் அடித்தேன். முன்பக்கமும் ஓரமும் முடிந்தபோது டப்பா காலி. முதுகுப்பக்கம்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று மெழுகை மட்டும் தேய்த்துவிட்டேன். முதல்நாள் வாசித்து முடித்து எழுந்தால் வயிற்றுப்பக்கம் சுடிதாரெல்லாம் பச்சை. வேர்வை பட்டால் முதுகு சாயம் விடும் என்று அப்போதுதான் தெரிந்தது. வார்னிஷ் வாங்கச் சோம்பல்பட்டு, ஒரு துண்டை நாலாக மடித்து வயிற்றுக்கும் கிட்டாருக்கும் நடுவில் செருகிக்கொண்டு வாசித்தேன்.

ஒத்திகையில் நான் முதல் பாட்டுக்கு வாசித்தபோது பாட்டுக்காரம்மா பாடுவதை நிறுத்திவிட்டது. "எங்க வாங்குன?" என்று கீபோர்டுக்காரர் கேட்டார். பழைய சப்பாத்திப் பலகைதான் என்றேன். தபேலாக்காரர் வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து தொட்டுப் பார்த்தார். மாஸ்டர் கிட்டாரை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, கொட்டகைச் சுவரில் இருந்த கண்ணாடி முன்னால் போய் நின்றார். வெள்ளை உடுப்புக்கு அந்தப் பச்சை எடுப்பாகத்தான் இருந்தது. திரும்பாமலே, "திருவிழாக் கச்சேரிக்கு இத நான் வச்சுக்கிர்றேன்" என்றார். "அப்ப நான் எத வாசிக்க மாஸ்டர்?" என்று கேட்டேன். "பெரிய மேடை, ஆம்பளக் கூட்டம், ஒரு மாதிரி இருக்கும். நீ முன்னாடி சேர் போட்டு ஒக்காந்து பாரு" என்றார். அந்த வருஷத்திலேயே பெரிய கச்சேரி அது. ஊரே வரும். என் பேர் சொல்லப்பட்டால் அங்கேதான் சொல்லப்படவேண்டும் என்று ராப்பகலாகக் கம்பி சுற்றினவள் நான். எனக்குச் சேர் போட்டுக் கொடுக்கிறார்!

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் என்னைக் கேள்வி கேட்கக்கூடாது. திருவிழா அன்றைக்குக் கிட்டாரை நான் துண்டோடுதான் கொடுத்தேன். "மாஸ்டர், இந்தத் துண்ட வயித்துல..." என்று ஆரம்பித்தேன். அவர் முடிக்கவிடவில்லை. துண்டை உருவி என் தோளில் போட்டு, "துண்டு எதுக்கு, பஸ்சுல எடம் பிடிக்கவா? வெரசா போயி ஒக்காரு" என்றார். சுற்றி இருந்தவர்கள் வழக்கம்போலச் சிரித்தார்கள். ஒரு வாக்கியம்தான் பாக்கி. சாயம் விடும் மாஸ்டர் என்று சொல்லியிருந்தால் போதும். அந்த வாக்கியத்தை நான் விழுங்கினேன். தெரிந்துதான் விழுங்கினேன், ருசித்துத்தான் விழுங்கினேன். துண்டைத் தோளிலேயே போட்டுக்கொண்டு போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். முன் இரண்டு வரிசையிலும் ஏலக்காய்க் கடை முதலாளிகளும் தரகர்களும் இருந்தார்கள். சித்திரை வெயில் இறங்கியும் புழுக்கம் இறங்காத சாயங்காலம், ஒரு இலை அசையவில்லை. மேடையில் அத்தனை விளக்கும் மாஸ்டர் மேலேதான் அடித்தது. அவர் கழுத்தில் வேர்வை இறங்குவதை நான் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலு பாட்டு முடிந்தது. கிட்டார் சத்தத்துக்குக் கூட்டம் தனியாகக் கைதட்டியது. அது என் சத்தம், நான் சுற்றிய ஒவ்வொரு சுற்றும் அதில் இருந்தது. மாஸ்டர் மைக்கைப் பிடித்தார். தபேலா, டிரம்ஸ் என்று பேர் சொல்லி முடித்துவிட்டு, "எல்லாரும் கேக்குறீங்க, இந்தக் கிட்டார் எந்த ஊரு கிட்டாருன்னு. போடிக் கிட்டாருங்க! பிக்கப்பு சுத்துனதுலருந்து கலர் ஏத்துனது வரைக்கும் நானே, இந்தா, இந்தக் கையால செஞ்சது!" என்றார். சொல்லிக்கொண்டே, எல்லாருக்கும் தெரியட்டுமென்று இரண்டு கையாலும் கிட்டாரின் முதுகைத் தாங்கி அதைத் தலைக்குமேலே தூக்கினார். வெள்ளைச் சட்டையில் மார்பிலிருந்து இடுப்புவரை பச்சையாக ஒரு கிட்டார் பதிந்திருந்தது. ஒரு நொடி யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு பின்னாலிருந்து ஒரு குரல், "மாஸ்டரு, வயித்துல ஏலக்கா மொளச்சிருச்சு!" என்றது. அவர் குனிந்து பார்த்தார், பதறிப்போய்க் கையால் துடைத்தார், அந்தக் கையாலேயே முகத்து வேர்வையை வழித்தார். நெற்றியும் மூக்கும் பச்சை. கூட்டம் விசிலடித்து உருண்டது. நான் அழுகிற அளவுக்குச் சிரித்தேன், என் தோள் துண்டால்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். முன் இரண்டு வரிசை மட்டும் சிரிக்கவில்லை. அவர்கள் எல்லாரும் மாஸ்டரின் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அது எதனால் என்று எனக்கு மறுவாரம்தான் உறைத்தது. வேறு எந்த ஊரிலும் கை பச்சையானால் பெயின்ட் பட்டுவிட்டது என்பார்கள். போடியில் ஒரு தரகர் கை பச்சையானால் அதற்கு அர்த்தம் ஒன்றே ஒன்றுதான். கலர் ஏற்றியது நானே என்று வேறு மைக்கில் சொல்லியிருக்கிறார். அந்தக் கலர் எந்தக் கலர் என்று பார்த்தவுடன் சொல்லத் தெரியாத கண் எங்கள் ஊரில் கிடையாது. வீட்டில் சாயப்பொடி இல்லாமலா கிட்டாருக்கு அடித்தார் என்று பேச்சு கிளம்பியது. அடுத்த வாரம் அவர் சாம்பிளோடு போன கடையிலெல்லாம், அவர் கையை விரிப்பதற்கு முன்பே ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தார்களாம். காயைப் போட்டுச் சாயம் இறங்குகிறதா என்று பார்க்க. அவர் காயில் சாயம் இறங்கவே இல்லை, அது சுத்தமான காய். ஆனால் டம்ளர் வைத்துவிட்டார்களே! கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நடக்கிறார் என்று காய் பொறுக்குகிற பெண்கள் சொன்னார்கள். பச்சை மாஸ்டர் என்று பேர் வைத்தாயிற்று. பால்காரர்கூட அப்படித்தான் சொல்கிறாராம். எனக்கு அந்த வாரம் நல்ல பசி எடுத்தது, நல்ல தூக்கம் வந்தது. பாவம் என்று ஒரு பெண் சொன்னபோது, எதிரே உட்கார்ந்து வெடித்த காயைத் தனியாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரே வார்த்தையில் அவர் தப்பித்திருக்கலாம். கிட்டார் என்னுடையது இல்லை, அந்தப் பெண் செய்தது என்று சொன்னால் போதும். ஊரறிய மைக்கில் சொன்ன பொய்யை ஊரறிய விழுங்கவேண்டும், அவ்வளவுதான். என்னாலும் ஒரே வார்த்தையில் அவரைக் காப்பாற்றியிருக்க முடியும். சாயம் என்னுடையது என்று யாராவது நாலு பேரிடம் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவேண்டும்? ஒன்பது கச்சேரியில் என் பேருக்கு அவர் வாய் திறந்ததா? இரண்டு வாரம் அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அவருக்கு ஒவ்வொரு கடையாகக் கதவு சாத்தினார்கள். நான் ஒவ்வொரு நாளும் காலையில் காய் புடைக்கிற சொளகை மடியில் வைத்துக்கொண்டு, இன்றைக்கு வருவார், இன்றைக்கு வருவார் என்று வாசலையே பார்த்தேன். அவர் தலை தொங்கி வந்து நிற்கிற காட்சியை மனசுக்குள் எத்தனை விதமாக ஓட்டிப் பார்த்தேன் என்று கணக்கில்லை.

வந்தார். ஒரு வியாழக்கிழமை மத்தியானம், மூன்று தரகர்களைக் கூட்டிக்கொண்டு எங்கள் கடைக்குள்ளேயே வந்தார். கையில் என் கிட்டார். முதலாளி எழுந்து நின்றார். நாற்பது பெண்களும் கையை நிறுத்திவிட்டோம். மாஸ்டர் தலை தொங்கவில்லை. கிட்டாரைத் தூணில் சாய்த்து வைத்துவிட்டு, கச்சேரிக் குரலில், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "இந்தக் கிட்டாரு என்னுது இல்ல. மேடையில நான் சொன்னது பொய்யி. பிக்கப்பு சுத்துனது, மரம் தேச்சது, கலர் ஏத்துனது எல்லாம் இந்தா ஒக்காந்திருக்கே, இந்தப் புள்ளதான். நான் ஒரு திருகாணியக்கூடத் தொடல." நான் எழுந்து நின்றேன், மடியில் இருந்த காயெல்லாம் சிதறியது. பக்கத்துப் பெண்கள், "நீயாடி?", "இம்புட்டு வேலையும் நீயாடி செஞ்ச?" என்று என் கையைப் பிடித்து இழுத்தார்கள். மேடையில் கிடைக்கவேண்டிய கைதட்டல் ஏலக்காய்த் தூசுக்கு நடுவில் கிடைத்தது. அந்த மயக்கத்தில், அவர் இந்தப் புள்ள என்றுதான் சொன்னார், அப்போதும் என் பேரைச் சொல்லவில்லை என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை.

மாஸ்டர் முதலாளி பக்கம் திரும்பினார். குரலை இறக்கிக்கொண்டு, ரொம்ப மரியாதையாக, "அந்தக் கலர் ஏதுன்னு மட்டும் நீங்களே கேட்டுச் சொல்லிருங்கண்ணே. இவங்க தெரிஞ்சுக்கிறணும்னு கூட வந்திருக்காங்க" என்றார். "ஏதும்மா?" என்றார் முதலாளி, அவருக்கும் யோசனை ஓடவில்லை. எனக்கு எங்கே ஓடும்? மதுரையில் வாங்கினேன் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம், துணிக்குப் போடும் சாயம் என்று புளுகியிருக்கலாம். எனக்குத்தான் அப்போது தலைகால் புரியவில்லையே. எல்லாவற்றையும் நானே செய்தேன் என்று சொல்கிற பெருமையில் வாய் தானாகத் திறந்துகொண்டது. "நம்ம பரண்லருந்துதான் மொதலாளி. அந்தத் தகர டின்னுல" என்று விரலை நீட்டிக்கூடக் காட்டினேன். மூன்று தரகர்களும் நிமிர்ந்து பரணைப் பார்த்தார்கள். முதலாளி முகம் செத்துப்போனது. மாஸ்டர் என்னைப் பார்த்தார். அவர் உதட்டோரம் லேசாக மேலே போனது. இன்னார் கடையில் சாயம் இருக்கிறது என்று என் வாயாலேயே ஊருக்குச் சொல்லவைத்துவிட்டு, இரண்டு கையையும் தட்டித் தூசியை உதறிக்கொண்டு அவர் வெளியே போனார்.

அன்றைக்கு மத்தியானமே, "நாளைலருந்து சோலிக்கு வராத" என்றார் முதலாளி. வேறு கடைகளிலும் ஏறி இறங்கினேன். வாய் நீளமான பெண் என்று ஒருவரும் சேர்க்கவில்லை. மலைக்குத்தான் போகவேண்டிவந்தது. விடியக் கிளம்பும் ஜீப்பில் இருபது பெண்களோடு நெருக்கி உட்கார்ந்து, போடிமெட்டு வளைவுகளில் குமட்டலை அடக்கிக்கொண்டு, இரண்டு சீசன் தோட்டத்தில் காய் பறித்தேன். ஏலச் செடிக்குக் காய் அடியில் இருக்கும், நாளெல்லாம் குனிந்தே நிற்கவேண்டும். மழையில் அட்டை ஏறும். கங்காணி, "வேகம் வேகம்" என்று மலையாளத்தில் விரட்டுவார். குனிந்து நிற்கும்போதெல்லாம் அவருடைய உதட்டோரத்தைத்தான் நினைத்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் அவர் எனக்குக் கொடுத்த ஒரே பாராட்டு, அதைக்கொண்டே என் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டார். அவரை நான் பழிவாங்கினேன் என்று சொல்லிக்கொள்வேன். திருப்பி அவர் வாங்கியது அதைவிடச் சுத்தமான வேலை. அந்தச் சுத்தத்தை ஒப்புக்கொள்ளும்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

அவர் தொழில் மறுபடி நிமிர்ந்துகொண்டது, பச்சை மாஸ்டர் என்ற பேர் மட்டும் போகவில்லை. நானும் நிமிர்ந்துகொண்டேன். தோட்டத்து வேலைக்கு நடுவில் கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் தங்கள் மலிவுக் கிட்டாரைக் கொண்டுவந்து, அக்கா இதையும் அது மாதிரி ஆக்கித் தாங்க என்றார்கள். அவர்கள் சொல்லி நாலு பேர், அந்த நாலு பேர் சொல்லி இன்னும் பலர். இன்றைக்கு அண்ணன் கடையின் பாதி என்னுடையது. தேனி, மதுரை, திண்டுக்கல்லில் இருந்தெல்லாம் கூரியரில் கிட்டார் வருகிறது. மோட்டார் காயில் ஒரு பக்கம், என் பிக்கப் காயில் ஒரு பக்கம். தோற்றத்தையும் கேட்டபடி மாற்றிக் கொடுக்கிறேன். சாயம் விடாது, முதுகுக்கும் மூன்று கோட் அடித்துத்தான் கொடுக்கிறேன்.

போன மாதம் மாஸ்டரின் மருமகன் ஒரு கிட்டாரோடு வந்தார். மாஸ்டர் இப்போது மேடையில் வாசிக்கிற விலையுயர்ந்த வெளிநாட்டுக் கிட்டார், ஊரில் எல்லாருக்கும் அடையாளம் தெரியும். மீட்டர் வைத்துப் பார்த்தேன், ஒரு பிக்கப்பில் காயில் அறுந்திருந்தது. "சரி பண்ணிரலாம்ல?" என்றார். பண்ணலாம் என்றேன். அவர் தயங்கித் தயங்கி, "மாமா ஒண்ணு சொல்லிவிட்டாரு. யார்ட்ட குடுத்தோம்னு வெளிய தெரிய வேணாமாம்" என்றார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மனுஷர் மாறவே இல்லை, என் வேலை வேண்டும், என் பேர் வேண்டாம். நான் நிதானமாகச் சொன்னேன். "சுத்தி வைக்கிறேண்ணே. ஒரு பைசாவும் வேணாம். வாங்கிட்டுப் போக மட்டும் அவரே வரணும். வந்து, தெருவுல நின்னு, யாரு சுத்துனதுன்னு என் பேரச் சொல்லிக் கேக்கணும். இந்தப் புள்ள அந்தப் புள்ளன்னா குடுக்க மாட்டேன்." மருமகன் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

வேலை முடிந்து இருபது நாள் ஆகிறது. இத்தனை வருஷத்தில் இவ்வளவு நேர்த்தியாக நான் எதையும் சுற்றியதில்லை, ஒரு சுற்று மேலே ஏறி இன்னொன்றைத் தொடவில்லை. வேண்டுமென்றே அப்படிச் சுற்றினேன். அவர் வாசித்துப் பார்த்தால், இதை இன்னார் சுற்றினார் என்று சொல்லாமல் இருக்க முடியக்கூடாது. கடை வாசலில் எல்லாருக்கும் தெரியும்படி மாட்டிவைத்திருக்கிறேன். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர் வருகிறார். அதே வெள்ளைச் சட்டை, இப்போது கையில் ஒரு தடி. எதிர்ச்சாரி டீக்கடை வரைக்கும் வந்து, டீ வாங்கிக் குடித்து, கிட்டாரைப் பார்க்கிறார். ஒருநாள் தெருவைக்கூடப் பாதி தாண்டிவிட்டார். நான் மெஷினை நிறுத்தினேன். அவர் வாய் திறந்தது, மூடிக்கொண்டது, திரும்பிப் போய்விட்டார். திருவிழா வருகிறது, அவருக்குக் கிட்டார் வேண்டும், எனக்கும் தெரியும். அண்ணன், "வயசான மனுசன், குடுத்துரு ஆத்தா" என்கிறது. கொடுத்துவிடலாம்தான். ஒன்பது கச்சேரியில் புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்திருக்கத் தயாராக உட்கார்ந்திருந்தாளே ஒருத்தி, அவளைக் கேட்காமல் எப்படிக் கொடுப்பது? மூன்று எழுத்துத்தான் என் பேர். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு நாள் வேண்டுமானாலும் ஆகட்டும். நான் கடையை ஆறு மணிக்குத்தான் சாத்துகிறேன்.